திறக்கக் கூடாத ஜாடி

ஆய்வகத்துக்கு வந்த குப்பியின் சீட்டிலிருந்த பெயரையும் பிறந்த தேதியையும் அவள் மூன்று தடவை படித்தாள். சந்தேகமே இல்லை, அக்காவேதான். நான்கு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத அக்காவின் இரைப்பையிலிருந்து கிள்ளியெடுத்த, அரிசிமணி அளவு சதை குப்பிக்குள் கிடந்தது.

அம்மாவின் கடைசி நேரத்துக்கு இவள் போய்ச் சேரவில்லை. ஆய்வகத்தில் ஆளில்லை என்று பயணத்தை ஒருநாள் தள்ளிப்போட்டதன் வினை. "உன் கிருமியையே கட்டிக்கிட்டு அழு" என்றாள் அக்கா. இவளுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதோடு பேச்சு நின்றுபோனது.

இரண்டு தடவை மாத்திரை சாப்பிட்டும் அக்காவின் வயிற்றுப்புண் ஆறவில்லை. எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்று பார்க்க, அதை வளர்த்தாக வேண்டும். அதுவோ சரியான பிடிவாதக்காரி. இரைப்பை அமிலத்தில் ஜம்மென்று குடித்தனம் நடத்தும். வெளிக்காற்று பட்டால் சுருண்டுவிடும். அதனால் சதையைத் தடவிய வளர்ப்புத் தட்டை ஜாடிக்குள் வைத்து, காற்றைக் குறைத்து, ஐந்து நாள் தொடாமல் விட வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைக் கறாராகச் சொல்கிறவளே அவள்தான்.

அந்த மகராசிதான் திறந்தாள். இரண்டாம் நாள் காலையில் ஒரு தடவை, மனசு கேட்காமல் மத்தியானம் இன்னொரு தடவை. மூன்றாம் நாள் கணக்கே இல்லை. அக்காவுடையது என்று பார்க்க அவளிடம் வேறு என்ன இருந்தது? ஏங்கி ஏங்கி மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

ஏழாம் நாளும் எதுவும் வளராமல் தட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"மறுபடி சாம்பிள் எடுக்கணும். பேஷண்ட்கிட்ட நான் சொல்லிடறேன்" என்றார் மருத்துவர்.

"வேணாம் சார். தப்பு என்னுது, நானே சொல்றேன்."

எண் மனப்பாடமாக இருந்தது. அழுத்தினாள்.

"அக்கா, நான்தான். உன் சாம்பிளைக் கெடுத்துட்டேன். மூடியே வைக்க வேண்டியதத் திறந்து திறந்து பாத்துட்டேன். நீ மறுபடியும் குழாய் விழுங்கணும்."

"எதுக்குடி திறந்த?"

"உன்னுதுன்னு தெரிஞ்சுது. சும்மா இருக்க முடியல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போன தடவ, கூட யாரும் வரலையான்னு நர்ஸ் கேட்டா. எனக்கு யாருமில்லன்னுட்டேன்" என்றாள் அக்கா. "இந்தத் தடவ நீ வந்து கையப் பிடிச்சுக்க. வேலை இருக்குன்னு மட்டும் சொன்ன, கொன்னுடுவேன்."