சுவரைப் பார்த்துத் திருப்பிய நாற்காலி

1

இந்தக் கதை ஒரு நாற்காலியை இழுத்த சத்தத்தில் பிறந்தது. இழுத்தது நான்தான். இரும்பு நாற்காலி, சிமெண்டுத் தரை, ஒரு காலுக்கு ரப்பர் மூடி இல்லை. அந்தக் கிறீச் அறை முழுக்கப் பாய்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் அனுபவித்திருக்கிறேன். அது எப்போது என்று சொன்னால் கதை வேறு பக்கம் போய்விடும்.

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்:

"கலையை மதிப்பிடுவது ஒரு பெரும் பொறுப்பு, அதை ஏற்கிற மனம் எப்போதும்—"

அடித்துவிட்டேன். அன்று எனக்குப் பொறுப்பெல்லாம் இல்லை, தலைகால் புரியாத குஷிதான் இருந்தது. அடுத்த முயற்சி:

"என் நாத்தனார் பல் செய்கிறவள்."

நல்ல வாக்கியம். சின்னது, உண்மையானது, கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. என்னை முட்டாளாக்கியதும் இதே வாக்கியம்தான். அதனால் இதை அடிக்காமல் விடுகிறேன். நான் மட்டும் ஏமாந்தால் போதுமா?

2

ஓர் அறக்கட்டளை. வளர்ந்துவரும் கலைஞர்களுக்கு நல்கை தருகிறது.* நல்கை கிடைத்தவர் ஒரு வருடம் வேலைக்குப் போக வேண்டாம், வீட்டுச் செலவை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம், தன் கலையை மட்டும் செய்யலாம். நடனம், ஓவியம், ஒலி, சிற்பம், எழுத்து, எல்லாருக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரே ஒரு நல்கை.

(* வளர்ந்துவரும் என்றால் வயது வரம்பு கிடையாது. வளர்ந்து முடித்துவிட்டதாக நினைக்கிறவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த விதியால் இதுவரை ஒருவரும் தடைபட்டதில்லை.)

நடனத்தையும் மண்பானையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எப்படி மார்க் போடுவது? ஆரம்பத்தில் போட்டுப் பார்த்தார்களாம். நடுவர்களுக்குள் சண்டை வந்து ஒருவருடைய சட்டைப் பொத்தான்கள் போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு வந்ததுதான் நாற்காலி முறை. இறுதிச் சுற்றுக்கு இரண்டு படைப்புகள் வரும், செய்தவர் பெயர் இல்லாமல். நடுவர்கள் மூன்று பேர். பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பிடித்த படைப்பின் முன்னால் போட்டு உட்கார வேண்டும். எங்கே இரண்டு நாற்காலி சேர்கிறதோ அதற்கு நல்கை.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு படைப்பைச் செய்தவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்று தோன்றினால் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். அதைப் பற்றிப் பேசக் கூடாது, அதன் முன்னால் உட்காரக் கூடாது. இன்னொன்றின் முன்னால் உட்காரலாமா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. (இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. பார்த்துக் கால் வையுங்கள்.)

3

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற கூடத்தில் வேலை. சாயங்காலம் வரும்போது நகக்கண்ணில் மெழுகு ஒட்டியிருக்கும். டீவியில் யார் சிரித்தாலும், "மேல் வரிசை ஒரிஜினல், கீழ்வரிசை நம்ம கைவேலை" என்பாள்.

ஒரு நாள் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அண்ணி, நானும் ஒண்ணு அனுப்பியிருக்கேன்."

"எதுக்கு?"

"உங்க நல்கைக்குத்தான்."

"ஐயோ, நான் நடுவர்டீ!"

"தெரியும். போன் பண்ணிக் கேட்டேன். அதுக்குத்தான் சுவர் இருக்குன்னாங்க. என்ன அனுப்பினேன்னு கேக்காதீங்க, நான் சொல்லவும் மாட்டேன்."

பிறகு, கேட்காமலே, வேறொன்றைச் சொன்னாள். "அடுத்த மாசம் முதலாளி என்னை மேற்பார்வைக்குப் போடறாராம். கண்ணாடி ரூம், சுத்தற நாற்காலி. அதுல ஒரு தடவ உட்காந்தா நான் எந்திரிக்க மாட்டேன் அண்ணி. எனக்கு என்னைத் தெரியும். நல்கை கெடச்சா ஒரு வருஷம் லீவு தரேன்னு சொல்லியிருக்கார்."

சொல்லும்போது சிரித்தாள். அவளுக்கு எதையும் சிரிக்காமல் சொல்ல வராது. ஆனால் என் கையிலிருந்த கத்தியை வாங்கி மிச்ச வெங்காயத்தை அவளே நறுக்கினாள். பயந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

அந்த நாட்களில் எங்கள் பிரிட்ஜின் தலையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி உட்கார்ந்திருந்தது. "பிரிட்ஜ் முனகுது, மெக்கானிக்குக் கேக்க வைக்கணும்" என்றாள். எனக்கு எந்த முனகலும் கேட்கவில்லை. நம்பிவிட்டேன்.

(கதையில் ஒரு பொருளைச் சும்மா வைக்க மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அப்போது நான் கதை எழுதவில்லை, சமைத்துக்கொண்டிருந்தேன்.)

4

அறக்கட்டளைக் கட்டடம் முன்பு மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையாக இருந்ததாம். ஒரு சுவரில் கண் பரிசோதிக்கிற எழுத்து வரிசை இன்னும் அழியாமல் இருக்கிறது. என்னோடு இரண்டு நடுவர்கள்: மேசை கிடைத்தால் மேசையில், கிடைக்காவிட்டால் தன் முழங்காலில் தட்டிக்கொண்டே இருக்கும் டிரம்ஸ்காரர், எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் கூரையைப் பார்க்கும் கட்டடக்கலைஞர் அம்மா. ஒருங்கிணைப்பாளர் முதல் படைப்பின் மேலிருந்த துணியை எடுத்தார்.

செருப்புப் பெட்டி அளவில் ஓர் அரங்கம். வரிசை வரிசையாகச் சிவப்பு இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பல், மெழுகில் செதுக்கியது. பின்வரிசையில் கடைவாய்ப் பற்கள் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு. ஒன்றின் மடியில் ஒரு பால்பல். முகமே கிடையாது, ஆனாலும் எந்தப் பல் தூங்கி வழிகிறது, எந்தப் பல் பக்கத்துப் பல்லோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது என்று தெரிந்தது. ஓர் இருக்கை காலி. மேடையில் தன்னந்தனியாக ஒரு நாக்கு, பாட ஆரம்பிக்கப் போவதுபோல் லேசாக வளைந்து.

கழுதை, இவ்வளவு நன்றாகச் செய்வாளா!

நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துப் போட்டேன்.

"என்னம்மா, அதுக்குள்ளயா?" என்றார் டிரம்ஸ்காரர்.

"தெரிஞ்சவங்க."

"பல்லப் பாத்தே ஆளச் சொல்றீங்களே, நீங்க எழுத்தாளரா, டாக்டரா?"

என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் பேசினார்கள். கட்டடக்கலைஞர் அம்மா, "இங்க ஒரு ஊரே உட்காந்திருக்கு" என்றார். நான் சிரிப்பை அடக்கக் கண் பரிசோதனையின் பொடி எழுத்து வரிசையைப் படித்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை அவளுக்காகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நேர்மையில் இத்தனை போதை இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த எழுத்துகள்கூட எனக்குக் கைதட்டுவதுபோல் இருந்தது.

இரண்டாவது படைப்புக்கு உருவமே இல்லை. ஒரு ஹெட்போன் மட்டும். ஒருங்கிணைப்பாளர் அதைச் சுவர் அருகிலேயே கொண்டுவந்து என் தலையில் மாட்டினார்.

ஒரு பாத்திரம் வைக்கப்படும் சத்தம். பிறகு யாரோ பேசுவதற்காக மூச்சை இழுக்கிறார். அவ்வளவுதான். பேச்சு வரவில்லை. மூச்சு மெதுவாக மூக்கு வழியாக வெளியே போகிறது. குழாய். கதவு. மறுபடி ஒரு மூச்சு, இந்தத் தடவை குட்டையானது, பதிலடி கொடுக்கப் போன மூச்சு, அதுவும் திரும்பிவிட்டது. சிரிக்கப் போன ஒன்று. மன்னிப்புக் கேட்கப் போன ஒன்று. பேசியதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பேசுவதற்கு ஒரு நொடி முன்னால் நடந்ததை மட்டும் யாரோ கோத்து வைத்திருந்தார்கள்.

இதைச் செய்தவரை எனக்குத் தெரியும் என்று தோன்றவில்லை. என்னை இவருக்குத் தெரியும் என்று தோன்றியது. விதியில் முதலாவதற்குத்தான் சுவர் இருக்கிறது, இரண்டாவதற்கு ஒன்றும் இல்லை.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். தூக்க வேண்டிய நாற்காலியைத் தூக்கத் தோன்றாமல் இழுத்துக்கொண்டே ஓடினேன். கிறீச்! பின்னாலேயே டிரம்ஸ்காரர், தன் நாற்காலியின் முதுகில் தட்டிக்கொண்டு: "இதுல தாளம் இருக்கும்மா, தாளம்!" கட்டடக்கலைஞர் அம்மா பல் அரங்கத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "நான் எந்திரிக்க மாட்டேன். இவங்க எல்லாரையும் விட்டுட்டு எப்படி வர்றது?"

இரண்டுக்கு ஒன்று. மூச்சு ஜெயித்தது.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது: அப்படியானால் பல் தோற்றது.

5

கதவைத் திறந்தவள், "சொல்லக் கூடாதுன்னு தெரியும். மூஞ்சிய மட்டும் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். அது போதாதென்று வாயும் திறந்துகொண்டது. "ரொம்ப நல்ல பல்லுடீ. சத்தியமா. அந்தப் பால்பல்லு மடியில—"

"எந்தப் பல்லு?"

"அந்த அரங்கம்…"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, தரையில் வழுக்கி உட்கார்ந்து சிரித்தாள். "காலைலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் பல்லு செய்யறவ, வீட்டுக்கு வந்தும் பல்லா செய்வா? நீங்க என்னைப் பத்தி அவ்வளவுதான் நெனச்சு வெச்சிருக்கீங்களா அண்ணி?"

நான் திரும்பி பிரிட்ஜின் தலையைப் பார்த்தேன். தூசிக்கு நடுவே ஒரு சின்னச் சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"பிரிட்ஜ்…"

"பிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ அந்த மூச்செல்லாம்…"

"பாதி உங்களது. கொஞ்சம் அண்ணனோடது. அவர் மூச்சு கம்மி, நெனச்ச ஒடனே பேசிடறார்."

"என்னைக் கேக்காம எப்படிடீ—"

"கேட்டிருந்தா நல்லபடியா மூச்சு விட்டிருப்பீங்க."

கணவர் உள்ளே வந்தார். விஷயம் புரிய அவருக்கு நேரமானது, புரிந்ததும் "அப்போ கெடச்சிடுச்சா!" என்று கத்தினார். மூன்று பேரும் சமையலறையில் குதித்தோம். ஒரு டம்ளர் உருண்டு அடுப்புக்கடியில் போனது, யாரும் எடுக்கவில்லை. இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் எவ்வளவு—

முதலில் நின்றது அவள்தான்.

"அண்ணி, நான்னு தெரியாமத்தானே உட்காந்தீங்க?"

"சத்தியமா."

"ஆனா அது உங்க மூச்சு. உங்க மூச்சுக்கு முன்னால நீங்களே உட்காந்துட்டு, அதெப்படி ஒரு நாற்காலின்னு கணக்கு?"

என் போனை எடுத்து நீட்டினாள்.

"போன் போடுங்க. உங்க நாற்காலிய எடுத்துடச் சொல்லுங்க."

"பைத்தியமா உனக்கு?" என்றார் கணவர். "கெடச்சத வேண்டாம்னு சொல்லுவியா?"

"வேண்டாம்னு சொல்லலண்ணா. எனக்கு அது உயிர். ஆனா வருஷம் முழுக்க, இது அண்ணி போட்ட நாற்காலியோ, அண்ணி போட்ட நாற்காலியோன்னு நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அதுக்கு அந்தச் சுத்தற நாற்காலியே தேவலாம்."

கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இப்போ எந்தப் பக்கம் மூச்சு விடணும்?"

6

இங்கிருந்து எனக்கு எழுத வரவில்லை. சில முடிவுகளை எழுதி நாத்தனாரிடமே படிக்கக் கொடுத்தேன்.

(அ) நான் போன் போடவில்லை. அவள் ஜன்னலோரம் நின்று கண்ணீரோடு என்னை மன்னித்தாள். "நான் எங்க அழுதேன்? அழுகாச்சி சீனுக்கு வேற ஆளப் பாருங்க."

(ஆ) போன் போட்டேன். எங்கள் நேர்மையில் மயங்கிய அறக்கட்டளை பல், மூச்சு இரண்டுக்கும் நல்கை கொடுத்தது. "அது அறக்கட்டளையா, அட்சய பாத்திரமா?"

(இ) பல் அரங்கத்தைச் செய்தவர் என் கணவர்தான் என்று தெரியவருகிறது. எனக்குக் கொஞ்ச நேரம் இது பிடித்திருந்தது. அவர் எட்டிப் பார்த்து, "எனக்கு சோப்பே நேராத் தேய்க்க வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

7

ஆகவே நடந்தது மட்டும்.

போன் போட்டேன். பேசுமுன் மூச்சை இழுத்தேன். நாத்தனார் விரலைத் தூக்கி, "இதான், இதான்" என்று வாயசைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் எழுந்து நடக்கும் சத்தம் போனில் கேட்டது.

"சரிம்மா. உங்க நாற்காலிய எடுத்துட்டேன். இப்போ பல்லுக்கு ஒண்ணு, மூச்சுக்கு ஒண்ணு. மூணாவதா ஒரு ஆள் வேணும், இதுல யாரையும் தெரியாத ஆள்."

"நான் ஒருத்தரக் கூட்டிட்டு வரவா?"

"நீங்க கூட்டிட்டு வந்தா, அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருப்பாங்களே?"

"இல்ல சார். அவங்க யாருன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

உங்களைத்தான் சொன்னேன்.

உங்களை அங்கே கூட்டிப்போகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஆனால் ஐந்தாம் பகுதி எழுதும்போதே சந்தேகம் வந்துவிட்டது. அவளைச் சிரிக்க வைத்தேன், வெங்காயம் நறுக்க வைத்தேன், சுற்றும் நாற்காலியைக் காட்டி உங்களைப் பயமுறுத்தினேன். இப்போது உங்களுக்கும் அவளைத் தெரியும். கறாராகப் பார்த்தால் நீங்களும் சுவரைப் பார்த்துத் திரும்ப வேண்டியவர்தான்.

பல் செய்தவரைப் பற்றி என்னிடம் ஒன்றுமே இல்லை. ஆணா பெண்ணா என்பதுகூட. அவருக்காகவும் எங்கோ ஒரு சுற்றும் நாற்காலி காத்திருக்கலாம். அவருக்குக் கதை எழுத ஓர் அண்ணி இல்லாமல் இருக்கலாம். நான் செய்யக் கூடியது ஒன்றுதான்: நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய், அந்த அரங்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். அந்தக் காலி இருக்கையை விழுந்துபோன பல் என்று அன்று நினைத்தேன். இப்போது யாருக்காகவோ பிடித்து வைத்த இடமாகத் தெரிகிறது.

இதை என் தோளுக்குமேல் படித்த நாத்தனார், "எதிராளிக்கு ரொம்பத்தான் விட்டுக் குடுக்கறீங்க" என்றாள். பிறகு, "இருக்கட்டும், அடிக்காதீங்க" என்றாள்.

அறக்கட்டளைக் கதவு திறந்திருக்கிறது. அறை நடுவில் ஒரே ஒரு நாற்காலி, என்னுடையதாக இருந்தது. ஒரு காலுக்கு ரப்பர் மூடி இல்லை. விதிப்படி தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தயவுசெய்து தூக்காதீர்கள். ஒருங்கிணைப்பாளர் போனை வைக்கவில்லை. இந்தப் பக்கம் சமையலறையில் நாங்கள் மூன்று பேரும் ஒரே போனில் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

இழுங்கள்.