சக்கரத்துக்கு ஒரு வாளி

சாத்தூர் ஸ்டேஷன் வாசலில் பாண்டிச்செல்வி பிரேக்கை மிதித்ததும் கார் போட்ட கூச்சலில் ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத வெள்ளை வண்டி. மேனியில் ஒரு கீறல் இல்லை. சத்தம் மட்டும் காயலான் கடைக்குப் போகவேண்டிய லாரிச் சத்தம்.

ரயிலிலிருந்து இறங்கி வந்த அத்தை வள்ளித்தாய் அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள்.

"அண்ணன் கஷ்டப்பட்டுச்சாடி?"

"இல்லத்த. ராத்திரி இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. காலையில காப்பியோட போய் எழுப்புறேன், எந்திரிக்கல. மூஞ்சியில ஒரு சுளிப்பு இல்ல."

"குடுத்து வச்ச மகராசன்."

அத்தை சொன்னது வெறும் வார்த்தையில்லை. நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற அறையிலேயே ஆயுசைக் கழித்தவர் அவள் அப்பா சங்கிலிமுத்து. அந்த வேலை பார்த்தவர் உடம்பில் ஒரு தழும்புகூட இல்லாமல் ஓய்வு பெற்று, எழுபத்தாறு வயதில் தூக்கத்திலேயே போவதென்றால் அந்தப் பக்கத்தில் லேசில் வாய்க்காது. காலையிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் கொஞ்சம் பொறாமையோடுதான் அழுதார்கள்.

வேகத்தடையில் கார் மறுபடி கத்தியது.

"என்னடி இது, புது வண்டிங்குற!"

"சக்கரத்துக்குள்ள பிரேக் தட்டு துருப்பிடிச்சிருச்சு அத்த. சர்வீஸ்காரன் 'வீடு கடற்கரைப் பக்கமா'ன்னு கேக்கான். நமக்குக் குடிக்கவே தண்ணி கெடையாது, கடலுக்கு எங்கன போக? நானும் மாசக்கணக்கா அவங்களோட மல்லுக்கு நிக்கேன்."

"அண்ணன் இதுல ஏறுச்சா?"

பாண்டிச்செல்வி கியரை மாற்றினாள். அவள் மனதில் தைத்திருந்த முள்ளே அதுதான். வண்டி வந்த அன்று அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்தின் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது எம்புட்டு சூடாகும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர்தான். கோயிலுக்குக் கூப்பிட்டாலும், கண் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும், "நீ முன்ன போ தாயி, நான் ஆட்டோல வாறேன்" என்பார். கல்யாணம் வேண்டாம் என்றபோதும், கலெக்டர் ஆபீஸ் வேலைக்குத் தினமும் விருதுநகர் போய்வருகிறேன் என்றபோதும் முகம் கோணாத மனுஷன். மகள் கார் ஓட்டுவது மட்டும் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இனி யாரைக் கேட்க?

"ஏறல," என்றாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அத்தை அலறிக்கொண்டு ஐஸ் பெட்டியைப் பார்க்க ஓடினாள். பாண்டிச்செல்வி பின் சீட்டிலிருந்து பையை எடுக்கும்போது முன்பக்கம் 'சுர்ர்' என்று ஒரு சத்தம். சக்கரத்திலிருந்து ஆவி கிளம்பியது. பக்கத்தில் காலி வாளியோடு நின்றார், அப்பாவோடு கம்பெனியில் வேலை பார்த்த சீனிச்சாமி.

"சித்தப்பா! என்ன செய்றீக?"

"அண்ணன் படுத்துட்டா சூடு தானா ஆறிருமா தாயி? தெனமும் நீ உள்ள போனதும் அவருதான் ஊத்துவாரு. முடியாத அன்னைக்கு எனக்குப் போன் வந்துரும்."

சாயங்காலங்களில் வாசல் நனைந்து கிடப்பதைப் பார்த்து, அப்பா புழுதிக்குத் தண்ணீர் தெளிக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்! அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"சூட்டோட தண்ணிய ஊத்துனா துருப்பிடிக்காதா சித்தப்பா? வண்டி போச்சே!"

"துருவா?" சீனிச்சாமி விழித்தார். "துருவெல்லாம் யாருக்குத் தெரியும்? மருந்து அறையில ஒரு இரும்பு சுட்டாப் போதும், தண்ணிய ஊத்திட்டுத்தான் மறுவேல. 'எம்மக இந்தச் சூட்டு மேல ஒக்காந்து போயிட்டு வாறாளே சீனி'ன்னு பொலம்புவாரு. ஊத்தலேன்னா அவருக்குத் தூக்கம் வராது."

"பெறகு ஏன் ஒருநாளும் ஏறல?"

சீனிச்சாமி வாளியைக் கீழே வைத்தார்.

"மருந்து ஒடம்புல ஊறிப்போச்சாம். எம்புட்டு தேச்சுக் குளிச்சாலும் போகாதாம். 'நான் ஏறி, எம்பிள்ள வண்டிக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரக்கூடாது'ம்பாரு. வேலைய விட்டு எத்தன வருசமாச்சுண்ணேன்னா கேக்க மாட்டாரு. ஆனா, டீக்கடையில ஒக்காந்திருக்கும்போது ஒன் வண்டி கத்துற சத்தம் கேட்டுறணுமே! 'எம்மக கார்ல வந்துட்டா'ன்னு கடை பூராம் கேக்கச் சொல்லிட்டுத்தான் எந்திரிப்பாரு."

பாண்டிச்செல்வி கார்க் கதவில் சாய்ந்துகொண்டாள். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. சாவு வீட்டு வாசலில் நிற்கிறோமே என்று துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். நெஞ்சு லேசாகி, காலையிலிருந்து முதல் தடவையாக நன்றாக மூச்சு வந்தது.

"வாளியத் தாங்க. அந்தப் பக்கம் நான் ஊத்துறேன்."

சாயங்காலம் அப்பாவைக் குளிப்பாட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானம் வந்து சேர்ந்த அத்தை மகன் கொள்ளி வைத்தான்.

மறுநாள் காலை சுடுகாட்டிலிருந்து சாம்பலைக் கலயத்தில் சேர்த்து, அதன் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக் கொண்டுவந்தார் சீனிச்சாமி. திருச்செந்தூர் கடலில் கரைக்க வேண்டும். "நானே கொண்டுபோறேன்" என்றாள் பாண்டிச்செல்வி. யாரும் மறுக்கவில்லை. முன் சீட்டுப் பக்கம் போன அத்தை, கலயத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

சீனிச்சாமி முன் கதவைத் திறந்தார்.

"இனிமே ஏறலாம்ணே," என்றார் கலயத்திடம். "மருந்தெல்லாம் எரிஞ்சுபோச்சு."

கலயத்தைச் சீட்டில் வைத்து, பெல்ட்டை அதன் மேல் இழுத்து மாட்டினாள் பாண்டிச்செல்வி.

சாத்தூர் ரோட்டில் ஆட்டுக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. அவள் பிரேக்கை மிதிக்கும்போதே இடது கை தானாக நீண்டு, கலயத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டது.