சகலையின் கட்டுரைகள்

பத்து வருடத்தில் மூளை அறுவை சிகிச்சை பற்றி இந்த நாட்டிலிருந்து எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன என்று எண்ணிச் சொல்லும் வேலையை டாக்டர்கள் சங்கம் பெரிய டாக்டரின் தலையில் கட்டியது. அவரும் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் தேடிய இடமெல்லாம் சகலையின் பெயர்.

சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர். வேறு ஆஸ்பத்திரி, ஆனால் இவரைப் போலவே மூளை அறுவை டாக்டர். தலைக்காயம், குழந்தைகளின் மண்டையில் நீர் சேர்வது, முதுகுத்தண்டுக் கட்டி, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பெரிய டாக்டருக்கோ விடிந்தால் ஆபரேஷன் தியேட்டர், முடிந்தால் வார்டு. இத்தனை வருடத்தில் எழுதியது ஒன்றே ஒன்று.

"உங்க சகலை எழுதினதை வெளிநாட்டுல பாடமா நடத்துறாங்களாம், தங்கச்சி சொன்னா" என்றாள் மனைவி. அவருக்கு வயிறு எரிந்தது.

கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பாதிக்கு மேல் முதல் பெயர், அதாவது முக்கியமாக எழுதியவரின் பெயர், வெளிநாட்டுக்காரருடையது. சகலை எங்கோ நடுவில். பிடி கிடைத்துவிட்டது. முதலில் பெயர் உள்ளவர் இங்கே வேலை செய்பவராக இருந்தால்தான் அது நம் கட்டுரை என்று விதி எழுதினார். நியாயமான விதிதான். நியாயத்துக்காக எழுதவில்லை என்பது அவருக்கே தெரியும். சகலையின் மலை மடுவானது. அன்றைக்கு அவருக்கு நன்றாகப் பசித்தது.

சங்கக் கூட்டத்தில் விதியை வாசித்ததும் சகலை எழுந்தார். சண்டைக்கு வரட்டும் என்று பெரிய டாக்டர் காத்திருந்தார்.

"அண்ணன் சொல்றது சரி" என்றார் சகலை. "நாங்க நோயாளிங்க விவரத்தை அனுப்புறோம். கேள்வியும் அவங்களுது, எழுத்தும் அவங்களுது. நடுவுல பேரை ஒட்டிக்கிட்டு நானும் பெருமையடிச்சுக்கிட்டிருந்தேன். இந்த விதி முன்னாடியே வந்திருக்கணும்."

அரங்கமே கைதட்டியது, சகலைக்கு. சங்கத் தலைவர் இறங்கி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். விதி எழுதியவர் மைக் முன்னால் தனியாக நின்றார்.

வாசலில் சகலை அவர் தோளில் கைபோட்டார். "உங்ககிட்ட இல்லாத கேஸாண்ணா? சேர்ந்து எழுதுவோம். உங்க பேர் முதல்ல."

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. எழுதினார்கள், வெளிவந்தது, முதல் பெயர் அவருடையதுதான். பார்த்தவர்களெல்லாம் சொன்னது ஒன்றே: "உங்க சகலைக்கு என்ன பெருந்தன்மை!"

பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த கட்டுரையைத் தன்னந்தனியாக எழுத உட்கார்ந்தார் பெரிய டாக்டர்.