கை போன இடம்

விமானப்படையில் அவனைக் 'கல்லு' என்றுதான் கூப்பிடுவார்கள். எது நடந்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது என்பதால் வைத்த பெயர். பதினெட்டு வருடம் போர் விமானம் ஓட்டிவிட்டு, நாற்பத்தோரு வயதில் ஒரு பயணிகள் விமானக் கம்பெனியில் துணை விமானியாகச் சேர்ந்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. உடன் பயிற்சி எடுத்தவர்கள் எல்லாம் அவனைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள். "கல்லு சாருக்கு என்ன, கண்ணை மூடிக்கிட்டே பாஸ் பண்ணிடுவார்" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

தேர்வு சிமுலேட்டரில் நடந்தது. இரும்புக் கால்களில் நிற்கிற பெரிய பெட்டி அது. உள்ளே போனால் அச்சு அசல் விமானத்தின் முன்னறை. வலது இருக்கையில் அவன். பின்னால் திரையும் பொத்தான்களுமாகப் பயிற்சிக் கேப்டன் உட்கார்ந்திருந்தார். அவனைவிட ஆறு வயது இளைய பெண்மணி. அதிகம் பேச மாட்டார். ஒரு பொத்தானைத் தட்டுவார், எங்கேயாவது ஒன்று கெட்டுப்போகும்.

ஓடுபாதையை விட்டு எழும்பிச் சக்கரங்கள் உள்ளே மடங்குகிற நேரத்தில் மணி அலறியது. சிவப்பு விளக்கு. வலது என்ஜினில் தீ.

அவனுடைய இடது கை கன்ட்ரோலை விட்டுவிட்டுத் தொடைகளுக்கு நடுவே இறங்கி எதையோ துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றரை நொடிதான் இருக்கும். கை திரும்பி மேலே வந்தது. மிச்சத்தையெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி செய்து, விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினான்.

"தீ மணி அடிச்சப்போ உங்க இடது கை கீழ போச்சே, எதுக்கு சார்?" என்று கேட்டார் கேப்டன்.

"சீட் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்துச்சு மேடம். சரி பண்ணேன்."

அவர் தாளில் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கீழே 'தேர்ச்சி' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

கை எதைத் தேடியது என்று அவனுக்குத் தெரியும். போர் விமானத்தில் அந்த இடத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். இழுத்தால் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடிக் கூரை பிய்த்துக்கொண்டு போகும், இருக்கையோடு ஆளை வெளியே வீசிவிடும், பாராசூட் விரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அதை அவன் இழுத்திருக்கிறான். மேலெழும்பியதும் என்ஜின் அணைந்துபோனது. யோசித்ததாக ஞாபகமே இல்லை. விமானம் ஆளில்லாத பொட்டலில் விழுந்து எரிந்தது. அவனுக்கு முதுகெலும்பு நசுங்கி முக்கால் அங்குலம் உயரம் குறைந்தது, அவ்வளவுதான். 'தக்க தருணத்தில் எடுத்த முடிவு' என்று விசாரணைக் குழு எழுதியது. முடிவெடுத்தது தன் கைதான், தான் இல்லை என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அதே கை, பின்னால் நூற்றைம்பது பேர் உட்காரப்போகும் விமானத்தில் தான் மட்டும் தப்பிக்க வழி தேடியிருக்கிறது.

அடுத்த வாரம் முதல் பயணம் என்று அட்டவணை வந்தது. வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நானும் அதுல டிக்கெட் போட்டாச்சு. நீங்க ஓட்டி நான் ஒருநாளாவது உட்கார்ந்து வர வேணாமா?" என்றாள்.

"வேணாம். இந்தத் தடவை வேணாம்."

"ஏன்?"

"சொன்னா கேளேன்."

அவள் மடித்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்களுக்குத்தான் அது கல்லு. உட்கார வைத்து, கதவைச் சாத்தி, விடாமல் கேட்டு வாங்கிவிட்டாள். அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அவள் சொன்னாள்: "அந்த விமானம் விழுந்த அன்னைக்கு நாலு மணி நேரம் உங்களைக் காணோம்னு சொன்னாங்க. அந்தக் கை மட்டும் சும்மா இருந்திருந்தா நான் இப்ப யார்கூடச் சண்டை போடறது? கையைத் திட்டாதீங்க. ஆனா அந்த அம்மாகிட்டப் பொய் சொன்னீங்க பாருங்க, அதைப் போய் முதல்ல சரி பண்ணுங்க."

"வேலையே போயிடும்டி."

"போகட்டும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலை பயிற்சிக் கேப்டனின் அறை வாசலில் கால் மணி நேரம் நின்றான். இரண்டு முறை திரும்பிப் படி வரைக்கும் போனான். கடைசியில் உள்ளே போய் நின்றபடியே ஒப்பித்தான். அவர் முகம் சிவந்துவிட்டது.

"கை போனதுகூட எனக்குப் பெரிசில்ல சார். பழக்கம், மாத்திடலாம். கேட்டப்போ நீங்க மறைச்சீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு மேல போயி எதையாவது தப்பாத் தொட்டுட்டு இதே மாதிரி மறைச்சா?"

தேர்ச்சித் தாளை அவன் கண்ணெதிரே ரத்து செய்தார். அட்டவணையிலிருந்து பெயர் போனது. சின்னப் பையன்கள் எல்லோரும் பறக்கத் தொடங்க, அவன் மட்டும் ஆறு வாரம் அந்தப் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்தான். தீ, தீ, மறுபடியும் தீ. "நானூறு அடி ஏறுற வரைக்கும் எதுவும் செய்ய வேணாம். நேரா ஓட்டுங்க, அது போதும். என்ன ஆகுதோ அதை வாய்விட்டுச் சொல்லுங்க" என்பார் அவர். ஒரு நொடியில் உயிரைத் தீர்மானித்துப் பழகியவனுக்கு அந்தச் சும்மா இருத்தல்தான் நரகமாக இருந்தது. நான்காவது வாரம் வரை கை இறங்கப் பார்த்தது. பிறகு நின்றது. இரண்டாவது தேர்வையும் அவரே வைத்தார். முதல் பயணத்துக்கும் அவரே இடது இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

நூற்று நாற்பத்தாறு பயணிகள். பதினான்காவது வரிசையில் மனைவி. காலை வெயிலில் ஓடுபாதை பளீரென்று கிடந்தது. அவன் விமானத்தை மேலே எழுப்பிய சில நொடிகளில் மூக்குக்கு முன்னால் கறுப்பாகப் பறவைக் கூட்டம் ஒன்று கிளம்பியது. தடாலென்று ஒரு சத்தம். விமானம் முழுவதும் உதறியது. வலது என்ஜின் சக்தி இழந்தது. மாமிசம் கருகுகிற வாடை வந்தது.

விமானம் வலப்பக்கம் திரும்பப் பார்க்க, இடது பெடலை அழுத்தி நேராகப் பிடித்தான். அழுத்திய கால் தையல் மெஷின் மாதிரி ஆடியது.

"கால் ஆடுது மேடம்" என்றான் வாய்விட்டு.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆடட்டும். பெடலை விடாதீங்க. கன்ட்ரோலை நான் வாங்கிக்கட்டுமா?"

வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் உடம்பு முழுவதும் துடித்தது. "இப்ப நேராப் போகுது மேடம். முடியாட்டி உடனே சொல்றேன்."

"சரி. நானூறு வரைக்கும் இப்படியே."

அந்த நானூறு அடி ஏற ஒரு யுகம் ஆனது. அதற்குப் பிறகுதான் அவர் அவசரத்தில் செய்ய வேண்டியவற்றின் பட்டியலைப் படிக்க, அவன் சரிபார்க்க, அந்த என்ஜினை அணைத்தார்கள். கட்டுப்பாட்டு அறையோடும் பயணிகளோடும் அவர் பேசினார். அவன் வட்டமடித்துத் திரும்பினான். ஓடுபாதை எதிரே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சக்கரம் தரையில் பட்டு ஒருமுறை துள்ளி, பிறகு ஓடி நின்றது.

கதவு திறந்ததும் அவன் வாசலில் வந்து நின்றான். "அடுத்த விமானத்தை விட்டாச்சு, யார் பதில் சொல்றது?" என்று ஒருவர் சத்தம் போட்டார். "கடைசியில தூக்கிப் போட்டீங்களே தம்பி" என்றார் ஒரு பெரியவர். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். கடைசியாக மனைவி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"மைக்குல ஒரு வார்த்தை நீங்க பேசியிருக்கலாம்ல?"

"மேடம் பேசினாங்களே."

"அவங்க குரல்தானே கேட்டுச்சு? உங்க குரல் வரல. நான் என்னன்னு நினைக்கறது? நீங்க உள்ள இருக்கீங்களான்னே..." ஓங்கி அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

அவன் முதல் வரிசையில் அப்படியே உட்கார்ந்தான். துப்புரவு செய்கிறவர்கள் பைகளோடு உள்ளே வந்து ஒதுங்கி நின்றார்கள். முன்னறையிலிருந்து கேப்டன் எட்டிப் பார்த்தார்.

"சார், அறிக்கை எழுதணும். வர்றீங்களா?"

"வரேன் மேடம். இப்ப எழுந்திரிக்க முடியல. அஞ்சு நிமிஷம் குடுங்க."

"எனக்கும்தான் முடியல" என்று சொல்லிவிட்டு அவரும் எதிர் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.