லிப்ட்காரர் அவரை

1

இந்தக் கதைக்கு முதலில் கிடைத்தது தலைப்புதான். கிடைத்தது என்று சொல்வதும் பொய்; கொடுக்கப்பட்டது. ஒரு பெண் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "கதை நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க, தலைப்பு மட்டும் நான் சொல்றதுதான்" என்றாள். இத்தனை வருடம் எழுதியதில் தலைப்பைக் கையில் திணித்துவிட்டு மீதியை நிரப்பிக்கொள் என்று சொன்ன முதல் ஆள் அவள். எனக்கு மறுக்க வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், இருண்டுபோன லிப்டுக்குள் ஒரு பெண் தன்னந்தனியாக—"

நிறுத்திவிட்டேன். அன்று மழை பெய்யவில்லை. லிப்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட, எனக்குத் தெரிந்த தையல்காரம்மாவும் பயந்து நடுங்குகிற ஆள் இல்லை. பள்ளிச் சீருடை மூட்டைமேல் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாராம்.

இரண்டாவது முயற்சி:

"அவரை ஒரு படர்கொடி. ஈரம் தேங்காத மண்ணும் நல்ல வெயிலும்—"

இதை என் வீட்டுக்காரர் படித்தார். விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் போடலாம், நன்றாக இருக்கிறது என்றார். இந்தக் கதை முழுக்க இப்படித்தான் குறுக்கே வருவார். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பல வருடமாகப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். ஒரு பெண், இறந்துபோன தன் அப்பா வளர்த்த அவரையைத் தேடி அலைந்தாள். அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு விதை.

2

எங்கள் பகுதி நூலகத்தின் பின்னறையில் மாதம் ஒரு ஞாயிறு விதை மாற்றிக்கொள்வோம். மேசைமேல் சின்னச் சின்னக் காகித உறைகள். வருகிறவர்கள் எடுத்துப்போகலாம், தங்களிடம் இருப்பதை வைத்துப்போகலாம். உறையின்மேல் எழுதுவதற்கு ஒரு வழக்கம் உண்டு: கொடுத்தவர் யாரோ அவர் பேரைத்தான் விதைக்கு வைப்போம். பேக்கரிக்காரர் கொடுத்தால் பேக்கரிக்காரர் பீன்ஸ். அதை நான் வளர்த்து உங்களுக்குக் கொடுத்தால் நீங்கள் என் பேரை எழுதுவீர்கள். யாரும் சட்டம் போடவில்லை. கை மாறும்போது பேரும் மாறிவிடும்.*

(* இதனால் வந்த வேடிக்கை ஒன்று. எங்களில் ஒருவர் ஆறு வகைப் பீன்ஸ் வளர்ப்பதாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். ஒரு பருவத்தில் ஆறும் ஒரே மாதிரி காய்த்தன. அதிலிருந்து கொஞ்சம் அடக்கமாகப் பேசுகிறார்.)

என்னிடம் ஓர் அவரை இருந்தது. தையல்காரம்மா கொடுத்தது, அதனால் என் வீட்டில் அது தையல்காரம்மா அவரை. என்னிடமிருந்து வாங்கிப்போனவர்கள் வீட்டிலெல்லாம் கதைக்காரம்மா அவரை. அந்தப் பேரில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. என் புத்தகங்கள் போகாத வீடுகளுக்கெல்லாம் அவரை போய்விட்டிருந்தது.

அந்த ஞாயிறு ஒரு பெண் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி பொருத்துகிற வேலை. ஒவ்வொரு மேசையாக நின்று "லிப்ட்காரர் அவரை இருக்குதா?" என்று கேட்டாள். யாரும் கேள்விப்பட்டதில்லை. என் மேசைக்கு வரும்போது அவள் குரலே இறங்கிப்போயிருந்தது. நான் அப்படி ஒன்றும் என்னிடம் இல்லையென்றேன். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், இதையாவது எடுத்துப்போ என்று என் உறையை நீட்டினேன். நீட்டும்போது எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டேன்.

"வீட்ல கொஞ்சம் மண் இருக்குதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் உறையைக் கீழே போட்டுவிட்டேன்.

"இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள்.

எங்கே கற்றேன்? தையல்காரம்மா எனக்கு விதை கொடுக்கும்போது அப்படித்தான் கேட்டார். கேட்ட விதம் பிடித்துப்போய் நானும் பிடித்துக்கொண்டேன். எழுதுகிறவர்களுக்கு இந்தக் கைவரிசை கொஞ்சம் அதிகம்.

அது தன் அப்பாவின் கேள்வி என்றாள். லிப்ட் பழுதுபார்க்கிற வேலையில் இருந்தவர். போன வருடம் போய்விட்டார். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்த மாதங்களில் மாடியில் கொடி காய்ந்துபோனது. எல்லாம் முடிந்து விதை டப்பாவைத் திறந்தால் வண்டு துளைத்து மாவாகக் கிடந்தது. அப்பாவின் கருவிப்பைக்கு அடியில், திருகாணிகளோடு ஒன்றே ஒன்று முழுசாக இருந்தது. அதைக் காண்டாக்ட் லென்ஸ் போட்டுவைக்கிற குட்டி டப்பாவில் வைத்திருந்தாள். மூடியைத் திறந்து காட்டினாள்.

ஊன்றிப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"முளைக்கலன்னா?" என்றாள்.

நான் கீழே கிடந்த உறையை எடுத்துப் பிரித்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவளுடையது வறுத்த காப்பிக்கொட்டை நிறம். என்னுடையது பிஸ்கட் நிறம். அவள் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"இது இல்லக்கா."

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

3

இனி லிப்ட்காரர் வர வேண்டும். இங்கேதான் எனக்குச் சிக்கல். நான் பார்த்தே இராத மனிதர். முதல் பிரதியில் உயரமாக, அடர்ந்த மீசையோடு எழுதியிருந்தேன். பிறகு மகள் படித்துவிட்டு மீசையை அடித்தாள், உயரத்தைக் குறைத்தாள். ("எங்கப்பா ஸ்டூல் இல்லாம எந்த லிப்டையும் தொட்டதில்ல.") அமைதியானவர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு ஒரு கோடு போட்டாள். அதையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது குரல் மட்டும்.

அந்தக் குரலை எனக்குச் சொன்னவர் தையல்காரம்மா. கண்ணாடிக்கடைப் பெண் போன அன்றைக்கே தொலைபேசியில் பிடித்து, அந்தக் கேள்வி உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

சீருடை மூட்டையோடு லிப்டில் ஏறியிருக்கிறார். இரண்டு மாடிகளுக்கு நடுவே அது நின்றுவிட்டது. திட்டித் தீர்த்து, தொண்டை வற்றி, கொஞ்சம் பயமும் தட்ட ஆரம்பித்த நேரத்தில் வெளியே ஒரு ஸ்டூல் இழுபடுகிற சத்தம். பிறகு கதவின் இடுக்கு வழியாக ஒரு குரல்.

"பயப்படாதீங்கம்மா. கயிறு நல்லாத்தான் இருக்குது. ஒண்ணு கேக்கட்டா? வீட்ல கொஞ்சம் மண் இருக்குதா?"

ஆளுக்குக் கழன்றுவிட்டது என்றுதான் தையல்காரம்மா நினைத்தாராம். இருந்தும் பதில் சொன்னார், உடைந்த பக்கெட் ஒன்றில் மண் இருக்கிறது என்று. போதும் என்றது குரல். ராத்திரி ஊறப்போடுங்கள், விரல் கணு ஆழத்துக்கு ஊன்றுங்கள், கொடி கயிறைத் தானே தேடிக்கொள்ளும், நீங்கள் அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். பேசிக்கொண்டே உள்ளே எதையோ திருகுகிற சத்தம். கதவு திறந்தபோது தையல்காரம்மா, கொழுந்தில் பூச்சி அப்பினால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்தக் குட்டை மனிதர் சட்டைப்பையிலிருந்து விதையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்திருக்கிறார்.

மகள் பிறகு சொன்னாள்: லிப்டில் மாட்டிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் இதே கேள்வி, இதே பாடம், கதவு திறந்ததும் ஒரு கை விதை. பயந்தவர்களின் கவனத்தைத் திருப்ப ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். அந்த மனிதருடைய வழி அவரை.

(அந்த மனிதர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை வந்துவிட்டது. பாத்திரத்தின்மேல் இவ்வளவு பிரியம் வைத்தால் கதை கெட்டுப்போகும் என்பார்கள். கெட்டால் கெடட்டும்.)

ஆக, கேள்வி அவருடையது, விதையும் அவர் கையால் வந்தது. பிறகு ஏன் நிறம் ஒத்துப்போகவில்லை? தையல்காரம்மா வீட்டில் வேறு அவரையோடு கலந்துவிட்டதோ? அலமாரியில் பழைய உறைகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது, நாலைந்து வருடத்துக்கு முன் எடுத்துவைத்து மறந்துபோன பாட்டில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. இதே தையல்காரம்மா அவரைதான். உள்ளே இருந்ததெல்லாம் வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.

விதையின் தோல் வைக்க வைக்கக் கறுக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் புது விதையைப் பழைய விதையோடு வைத்துப் பார்த்து, இல்லையென்று ஒரு பெண்ணை அனுப்பிவைத்திருக்கிறோம், நானும் அவளும் சேர்ந்து.

4

கண்ணாடிக்கடையில் அவளைத் தேடிப்பிடித்துச் சொன்னேன்; அடுத்த விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளைத் தட்டில் பாட்டிலைக் கவிழ்த்தேன். அவள் கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நிறம் சரி. விதையின் விளிம்பில் புருவம்போல ஓடுகிற வெள்ளைக் கோடு சரி. ஆனால் அந்தக் கோடு எல்லா அவரைக்கும் உண்டு. காயின் ஓரத்தில் மை தீட்டியதுபோல ஊதா ஓடும் என்றாள். அதுவும் பல வகைகளில் ஓடும். நம்புவதற்கு அவள் தயார்தான். ஆசைப்பட்டு நம்பிவிடுவோமோ என்றுதான் அவளுக்குப் பயம்.

கடைசியில் குட்டி டப்பாவைத் திறந்து, அந்த ஒற்றை விதையைத் தட்டின் நடுவில் வைத்தாள்.

"கலந்து விடுங்கக்கா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாடி, வேண்டாம் என்றேன்.

"இது தெளிவா, அது தெளிவான்னு நாள் பூரா மத்தவங்களக் கேக்கறேன். இன்னிக்கு எனக்கே பாத்துக்கறேன். நான் சரியா எடுத்துட்டேன்னா இது வேற, அது வேற. வேற எங்கயாவது தேடிக்கறேன்."

"எடுக்க முடியலன்னா?"

நாற்காலியைத் திருப்பி, குளிர்பதனப் பெட்டியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

கலந்தேன். (உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த விதை எங்கே போகிறது என்று கண்ணால் தொடரப் பார்த்தேன். இரண்டாவது சுற்றிலேயே விட்டுவிட்டேன்.) அவள் திரும்பினாள். ஒன்றை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், அதையும் வைத்தாள். தேநீர் கொண்டுவந்த வீட்டுக்காரர் வாசல்நிலையிலேயே நின்றுவிட்டார். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் அவ்வளவு நேரம் நின்றதை நான் பார்த்ததில்லை. அப்பாவின் மிச்சத்தை என் வீட்டில் வந்து, என் கையால் தொலைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் உருப்பெருக்கியைக் கழற்றினாள்.

"எதுன்னு தெரியலக்கா."

கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இந்தத் தட்டு பூரா எங்கப்பா குடுத்ததுதான்."

நானும் அழுதேன், வெட்கமில்லாமல். வீட்டுக்காரர் தேநீரை வைத்துவிட்டு, ஆறிப்போயிடும் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஊரெல்லாம் இதற்குக் கதைக்காரம்மா அவரை என்று பேர் என்பதைச் சொன்னேன். அவள் அழுகை நின்றுவிட்டது.

"எங்கப்பா விதைக்கு உங்க பேரா?"

5

தலைப்பு வந்த வழி இதுதான். இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவில், நூலகப் பின்னறையில் கூட்டம் கூடி, இன்றுமுதல் இது லிப்ட்காரர் அவரை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கிறோம். எல்லோரும் கை தட்டுகிறார்கள். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. தீர்மானம் போட்டதும் உண்மைதான். ஆனால் அடுத்த கூட்டத்திலேயே பேக்கரிக்காரர், "போன தடவ அந்தக் கண்ணாடிக்கடப் பொண்ணு குடுத்துதே, அந்த அவரை" என்று கேட்டார்.

இரண்டாவது முடிவில், அப்பா கடைசியாக வேலை பார்த்த கட்டடத்தின் மொட்டைமாடியில், லிப்ட் மோட்டார் அறையைச் சுற்றிக் கொடி படர்ந்து பூக்கிற— வீட்டுக்காரர் பென்சிலால் அடித்துவிட்டார். மோட்டார் அறைக்குள் கொடி போனால் ஆபத்து என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. எனக்கு அந்தப் பூக்களை விட மனமில்லை.

மூன்றாவது, நடந்தது. தட்டிலிருந்த விதையில் பாதியும், என் புது விதையில் ஒரு கையும் கொண்டுபோனாள். அந்த ஒற்றை விதை அவளோடு போனதா, என் பாட்டிலுக்குத் திரும்பியதா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அவள் மாடியில் முளைத்தது, காய்த்தது, ஓரத்தில் ஊதா ஓடியது. இப்போது கடையில் கண்ணாடி தயாராகும்வரை காத்திருக்கிறவர்களுக்குக் கொடுக்கிறாள். அந்த வீடுகளில் இதற்குக் கண்ணாடிக்கடை அவரை என்று பேர்.

அதைச் சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வருத்தமாக இருப்பாள் என்று நினைத்து, ஆறுதலுக்கு என்னென்னவோ யோசித்து வைத்துக்கொண்டேன்.

"பேரு நிக்காது போலக்கா," என்றாள். "ஆனா நேத்து ஒருத்தர் வந்தாரு. நான் குடுத்தத வளத்து, அவங்க பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாராம். 'என்ன கேட்டுக் குடுத்தீங்க'ன்னேன். 'என்னத்தக் கேக்கறது, நீ கேட்டதத்தான் கேட்டேன்'னாரு."

அப்பாவின் குரலைக் கேட்டமாதிரி இருந்ததாம்.

"தலைப்ப மட்டும் மாத்திடாதீங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

6

மாற்றவில்லை. மேலே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். உறையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். தலைப்பை அவ்வளவு சுலபமாகக் கிழிக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. நீங்கள் இதை இன்னொருவருக்குச் சொல்லும்போது லிப்ட் கதை என்பீர்கள், அவரைக் கதை என்பீர்கள், யாரோ ஒரு அம்மா எழுதியது என்பீர்கள். எனக்கும் அது தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

நாலாவது முடிவு ஒன்று எழுத உட்கார்ந்தேன். "பல வருடங்களுக்குப் பிறகு, வேறொரு லிப்டில்—" என்பதற்குமேல் போகவில்லை. அதை எழுத வேண்டியது நான் இல்லை.

கதை இங்கே நின்றுவிட்டது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள், இரண்டு மாடிகளுக்கு நடுவே. கதவு இன்னும் திறக்கவில்லை. பயப்படாதீர்கள், கயிறு நன்றாகத்தான் இருக்கிறது. நான் வெளியேதான் நிற்கிறேன், என் கைப்பையில் ஒரு கை விதை இருக்கிறது. அதுவரைக்கும் ஒன்று கேட்கட்டுமா?

வீட்ல கொஞ்சம் மண் இருக்குதா?