பஞ்சாயுதம் வெட்டிய தகடு

பித்தளையைப் பற்றிக் கௌசிகாவுக்குத் தெரியாதது இல்லை என்று திருகோணமலையில் நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தி கௌசிகாதான். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, நங்கூரமும் புகைபோக்கியும் கைபிடிக் கம்பியுமாகப் பித்தளையில் மொடல் கப்பல் செய்து ஹோட்டல்களுக்குக் கொடுப்பாள். இடைக்கிடை தெரிந்தவர்களுக்குத் தோடு, காப்பு, பதக்கமும் செய்வாள். மேசைக்குக் கீழே தகடுகள் இரண்டு கட்டாக இருக்கும். ஒன்று நகைக்கு, மற்றது மொடலுக்கு. இரண்டையும் கலக்கிறவர்களைப் பற்றி அவள் கதைப்பதைக் கேட்டால், அவர்கள் ஏதோ கொலைக் குற்றவாளிகள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அதற்குக் காரணம் இருந்தது. நகைத் தகடு மென்மையானது. நெருப்பில் காய்ச்சி ஆறவிட்டால் சொன்னபடி வளையும். ஆனால் வெட்டும்போது அறுக்கிற வாளின் பல்லில் ஒட்டும், ஓரமெல்லாம் பிசிறு விடும். மொடல் தகட்டில் கொஞ்சம் ஈயம் சேர்ந்திருக்கும். அதனால்தான் அது வெட்டுவதற்குச் சுகம். கோடு போட்டால் கோடு அப்படியே நிற்கும். வளைத்தால் வெடிக்கும், ஆனால் கப்பலுக்கு அது பெரிய குறையில்லை. உடம்பில் கிடக்கிற நகைக்கு, அதிலும் வாய்க்குப் போகக்கூடிய எதற்கும், அந்தத் தகடு ஆகாது; ஈயம் உள்ளே போனால் நஞ்சு. தகடு விற்கிற சரீப் நானா ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லித்தான் கொடுப்பார். கௌசிகாவும் எத்தனையோ பேருக்கு அதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள்தான் தம்பியின் குழந்தைக்கு மொடல் தகட்டில், கழுத்தில் காவலாகக் கட்டும் பஞ்சாயுதப் பதக்கம் வெட்டினாள்.

தம்பி கிருஷாந்துக்கும் கீர்த்தனிக்கும் வருஷக்கணக்காகக் காத்திருந்து பிறந்த பிள்ளை. பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிற முப்பத்தொன்றுக்கு மாமி என்ற முறையில் ஏதாவது போட வேண்டும். மற்றவர்கள் கடையில் வாங்கிப் போடுவதைத் தன் கையாலேயே செய்து போட வேண்டும் என்று கௌசிகாவுக்கு ஆசை. ஆசை என்ன, பெருமை. நகைத் தகட்டில்தான் தொடங்கினாள். சின்னப் பதக்கத்துக்குள் சங்கு, சக்கரம், வில், வாள், தண்டாயுதம் ஐந்தும் வர வேண்டும். சங்கு உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. சக்கரத்தின் பல் மழுங்கிப் போனது. திரும்பத் திரும்ப வெட்டியும் மனசுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கை மற்றக் கட்டுக்குப் போனது. மேலே தங்க முலாம் பூசத்தானே போகிறோம், ஈயம் எங்கே வெளியே தெரியப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சங்கு சங்காகவே வந்தது. முப்பத்தொன்று அன்று அந்தப் பதக்கம் சபை முழுக்கக் கைமாறிச் சுற்றி வந்தபோது, வெட்கமில்லாமல் அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

குழந்தைக்குப் பல் முளைக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் உப்புவெளிக்குத் தம்பி வீட்டுக்குப் போனாள். பிள்ளை பதக்கத்தை வாயில் வைத்து வீணீர் வடியக் கடித்துக்கொண்டிருந்தது. கௌசிகா அதை இழுத்துப் பார்த்தாள். சங்கின் ஓரத்தில் முலாம் போய்ப் பித்தளை வெளிறித் தெரிந்தது.

"கீர்த்தனி, இதை ஒருக்கா கழற்றித் தாருமன். திரும்ப முலாம் பூசிக்கொண்டு வாறன்."

"ஐயோ வேண்டாம் மச்சாள். ஒரு வருஷம் முடியுமட்டும் கழற்றிறேல்லை எண்டு நேந்திருக்கிறன். போன மாசம் அந்தக் காய்ச்சல் வந்தும் பிள்ளைக்கு ஒண்டும் ஆகேல்லை. எல்லாம் உங்கட பஞ்சாயுதம்தான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். கீர்த்தனி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும், மடியில் இருந்த பிள்ளையின் கழுத்து நூலைக் கைப்பையில் கிடந்த சின்னக் கத்திரியால் வெட்டி, பதக்கத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெறுங்கழுத்து தெரியாமல் சட்டையை மேலே இழுத்துவிட்டாள். பிள்ளை அவளுடைய மூக்கைப் பிடித்து விளையாடியது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சிரித்துக் கதைத்துத்தான் வெளிக்கிட்டாள். ஆபத்து நீங்கிவிட்டது, மானமும் போகவில்லை என்று பஸ்ஸில் இருந்தபடி நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, பஞ்சாயுதத்தைக் காணேல்லை. வீடு முழுக்கக் கிண்டியாச்சு. காலமை பிள்ளையைக் குளிக்க வாத்தது புஷ்பவதி அக்காதான். அவவைத் தவிர வேற ஆர் தொட்டது?"

புஷ்பவதி அடுத்த ஒழுங்கையில் இருப்பவள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்க வார்ப்பவள் அவள்தான். கௌசிகா, "அவசரப்பட்டு ஒண்டும் சொல்லிப்போடாத தம்பி" என்றாள். அவன் ஏற்கெனவே புஷ்பவதியைக் கள்ளி என்று சொல்லிவிட்டிருந்தான். இனி வர வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று.

அந்த வாரம் கௌசிகா வெட்டிய நங்கூரமெல்லாம் கோணலாகவே வந்தன. புஷ்பவதியை நினைத்தால் ஒரு குத்து, பிள்ளையை நினைத்தால் இன்னொரு குத்து. பதக்கத்தை எடுத்துவிட்டால் போதுமா? கடித்தது கடித்ததுதானே. எவ்வளவு உள்ளே போனது என்று டொக்டர் பார்க்க வேண்டாமா? பார்க்க வேண்டும் என்பதே தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியாது. தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டு கப்பலுக்கு நங்கூரம் வெட்டிக்கொண்டிருந்தாள். சீ, நானும் ஒரு மாமியா என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டும் போனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கீர்த்தனியே போன் எடுத்தாள்.

"மச்சாள், உடனே வாங்கோ. புஷ்பவதி அக்கா வைரவர் கோயிலில கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணப்போறாவாம். என்னையும் பிள்ளையோட வரட்டாம். இவர் துறைமுகத்தில வேலைக்குப் போட்டார். எனக்குத் தனியப் போகப் பயமாக் கிடக்கு."

கௌசிகா பதக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

சந்தியில் இருந்த சின்ன வைரவர் கோயில் வாசலில் புஷ்பவதி தலைமுழுகி ஈரத் தலையோடு நின்றாள். கல்லின் மேல் கற்பூரக் கட்டி எரிந்தது. அவள் யாரையும் ஏசவில்லை.

"நான் எடுத்திருந்தால் என்ர கை அழுகட்டும். எடுக்காமல் என்னில பழி போட்டிருந்தால், அதை வைரவர் பாத்துக்கொள்ளட்டும்."

வலது உள்ளங்கையால் நெருப்பின் மேல் ஓங்கி அடித்தாள். கற்பூரம் அணைந்தது. அவள் முகம் சுருங்கியது, சத்தம் வரவில்லை.

கீர்த்தனி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். "அக்கா, அவர் சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். அந்தப் பழி என்ர பிள்ளையில வரக்கூடாது. வேற ஆரிலயாவது வரட்டும். பிள்ளையில வேண்டாம்."

கௌசிகாவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"புஷ்பவதி அக்கா எடுக்கேல்லை. நான்தான் எடுத்தனான்." பதக்கத்தைக் கையில் நீட்டினாள்.

கீர்த்தனி அழுகையை நிறுத்திப் பார்த்தாள். கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாகத் தெரிந்தது.

"நீங்களோ? நீங்கள் போட்டதை நீங்களே ஏன் மச்சாள் எடுத்தனீங்கள்?"

கௌசிகா சொன்னாள். தகட்டில் ஈயம் இருக்கிறது, பிள்ளை கடித்திருக்கிறது, இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். கீர்த்தனி பிள்ளையின் வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகும் துடைத்தாள். பிள்ளை சிணுங்கியது.

"அது உங்களுக்கு எப்ப தெரியும்?"

போன கிழமைதான் என்று சொல்லலாம். கடைக்காரர் தகட்டை மாற்றித் தந்துவிட்டார் என்று சரீப் நானாவின் தலையிலும் போடலாம். கீர்த்தனி நம்பியிருப்பாள்; நம்பத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் நாக்கு நுனிவரை வந்தது. கௌசிகா புஷ்பவதியின் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

"வெட்டேக்கையே தெரியும்."

கீர்த்தனி தெருவில் போன ஓட்டோவைக் கை காட்டி மறித்தாள். ஏறுவதற்காகப் பிள்ளையைக் கொடுக்க வேண்டியிருந்தது. பழக்கத்தில் கௌசிகா இரண்டு கையையும் நீட்டினாள். கீர்த்தனி அவளைத் தாண்டிப் போய், "அக்கா, உங்களுக்குக் கை நோகும், எண்டாலும் பிள்ளையை ஒருக்காப் பிடியுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று புஷ்பவதியிடம் கொடுத்தாள்.

புஷ்பவதி வெந்த கையை விலக்கி, இடக்கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு ஏறினாள். ஓட்டோவில் இன்னும் ஒருவர் இருக்க இடம் இருந்தது. கௌசிகாவை ஒருவரும் கூப்பிடவில்லை.