ரத்தம் பசிக்கும் வரை

லேபில் எனக்குப் பட்டாசு என்று பெயர். வைத்தவர் எங்கள் நிர்வாக அதிகாரி. எதையும் ‘உடனே’ முடிக்கச் சொல்கிற அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘உடனே சார்’. அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது, என் பெயரோ ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அதிலும் எனக்குக் கோபம்தான்.

வார்டுகளில் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பார்களே, அந்தச் சின்னக் கருவிகள் என் பொறுப்பு. கருவி பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். அதில் செருகுகிற ஸ்ட்ரிப்தான் படுத்தும். அதே கம்பெனி, அதே டப்பா, ஆனால் லாட், அதாவது தயாரித்த தொகுதி, மாறினால் குணமும் மாறலாம். அதனால் புது லாட் வந்தால் வார்டுக்கு அனுப்பும் முன் ஒரே ரத்தத்தைப் பழைய ஸ்ட்ரிப், புது ஸ்ட்ரிப், லேபின் பெரிய மெஷின் மூன்றிலும் போட்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை அதிகமான ரத்தம், சரியான அளவில் இருக்கிற ரத்தம், குறைந்த ரத்தம், எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும்.

சர்க்கரை அதிகமான ரத்தத்துக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. சரியான அளவுக்கு லேப் ஆட்களே கையை நீட்டுவோம். குறைந்த ரத்தம்தான் கிடைக்காது. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கிறவரிடம் போய் எனக்கு ஒரு குழாய் ரத்தம் கொடுங்கள் என்றா கேட்பது? அதற்கு ஒரு வழி உண்டு. ரத்தத்தைக் குழாயில் எடுத்து மேசை மேல் சும்மா விட்டுவிட வேண்டும். ரத்தத்துக்கும் பசிக்கும். உள்ளே இருக்கிற அணுக்களே சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும். நாம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொறுமை இங்கே யாருக்கும் கிடையாது. எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர்கள், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்த சக ஊழியர்களின் ரத்தத்தை மட்டும் போட்டுப் பார்த்து எல்லா லாட்டையும் பாஸ் பண்ணிவிட்டார்கள்.

அன்று விடிந்ததும் வெறும் வயிற்றில் என் ரத்தத்தையே எடுத்து, குழாயில் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டி வைத்திருந்தேன். உடனே சார் வந்தார்.

“கம்பெனி சோதனைக்குக் கொடுத்த கன்ட்ரோல் திரவம் பாஸ். ஸ்டாஃப் ரத்தம் எல்லாம் பாஸ். இன்னும் என்னம்மா? வார்டுல ஸ்ட்ரிப் தீரப்போகுது, உடனே அனுப்பு.”

“ஸ்டாஃப் எல்லாரும் சாப்பிட்டு வந்தவங்க சார். குறைஞ்ச ரத்தத்துல இன்னும் பாக்கல. சாயங்காலம் சொல்றேன்.”

“உன் ஒரு குழாய்க்காக ஆஸ்பத்திரியே காத்துட்டு இருக்கணுமா?”

“ஆமா சார்.”

“கத்தாதம்மா.”

நான் கத்தவில்லை. நான் நிஜமாகக் கத்தினால் எப்படி இருக்கும் என்று அவர் இன்னும் கேட்டதில்லை.

மதியம் ரத்தம் எடுக்கும் அறையில் கூட்டம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நாலு மணிக்குத் திரும்பி வந்தால் புது லாட் பெட்டிகள் இருந்த இடம் காலி. ஸ்டோர்க்காரர் தலையைச் சொறிந்தார்.

“சார்தான் அனுப்பச் சொன்னார். பட்டாசு ஓகே சொல்லிடுச்சுன்னாரே?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயை எடுத்தேன். அதற்குள் என் ரத்தம் நன்றாகப் பசித்திருந்தது. பெரிய மெஷின் முப்பத்தாறு என்றது. பழைய ஸ்ட்ரிப் முப்பத்தெட்டு. புது ஸ்ட்ரிப் அறுபத்துமூன்று. இன்னொன்று செருகினேன். அறுபத்துநான்கு.

முப்பது நாற்பது என்றால் ஆபத்து, பிறந்த குழந்தைக்கு அறுபது நலம். ஆபத்தை நலம் என்று சொல்கிற ஸ்ட்ரிப். அது இப்போது எல்லா வார்டிலும் இருக்கிறது. மேல்மாடியில் பிறந்த குழந்தைகள் வார்டில் என் தங்கச்சியின் பிள்ளை இருக்கிறான். எடை குறைவாகப் பிறந்தவன். ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும் முன்னும் அவன் குதிகாலைக் குத்தி சர்க்கரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சமிருந்த பழைய ஸ்ட்ரிப் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு படியேறி ஓடினேன்.

தங்கச்சி தொட்டில் பக்கத்தில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

“பாருக்கா, என்ன சமத்து! மத்தியானத்துல இருந்து ஒரு அழுகை இல்ல. பாலுக்குக்கூட எழுந்திரிக்க மாட்டேங்கிறான்.”

“இப்பதான் பாத்தேன், அறுபத்தொண்ணு. நல்லாத்தான் இருக்கு,” என்றாள் நர்ஸ். அவள் மேல் என்ன தப்பு? கருவி சொன்னதைச் சொன்னாள்.

நான் குதிகாலைக் குத்தினேன். குத்தினால் காலை உதறி ஊரைக் கூட்டுகிறவன் அசையவில்லை. பழைய ஸ்ட்ரிப் முப்பத்துநான்கு காட்டியது.

“டாக்டரைக் கூப்பிடு! இந்தப் புது டப்பாவ இனி யாரும் தொடாதீங்க!”

இப்போது கத்தினேன். டாக்டர் ஓடி வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். தங்கச்சி என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “தூங்குறான்னுதானேக்கா நினைச்சேன்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நர்ஸ் பழைய ஸ்ட்ரிப்பை வாங்கி மற்ற குழந்தைகளைப் பார்த்தாள். அடுத்த தொட்டிலில் இருந்த பெண் குழந்தைக்கு இருபத்திரண்டு. அதன் அம்மா ஆபரேஷன் முடிந்து கீழே படுத்திருந்தாள். சமத்து என்று சொல்லக்கூட அதன் பக்கத்தில் ஆள் இல்லை. நர்ஸ் தொடும்போதே அதற்கு வலிப்பு வந்துவிட்டது.

பிறகு வார்டு வார்டாகப் போய் எல்லாப் பெட்டியையும் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு லேபுக்கு வந்தேன். உடனே சார் வாசலில் நின்றார்.

“தங்கச்சி பிள்ளைங்கிறதால பதறுற. இப்ப சரியாயிடுச்சுல்ல? குழந்தைங்க வார்டுக்குத்தானே ஆகாது. பெரியவங்களுக்கெல்லாம் சர்க்கரை ஏறித்தானே கிடக்கு, இதை அவங்களுக்குக் கொடுத்துடலாம். வீணாக்க வேண்டாம்.”

“இன்சுலின் போட்டு நடுராத்திரி சர்க்கரை இறங்குறது யாருக்கு சார், உங்க நாற்காலிக்கா?”

ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போடாதே, காற்றுப் பட்டால் கெட்டுவிடும் என்று தினமும் நர்ஸுகளிடம் தொண்டை கிழியச் சொல்கிறவள் நான். கம்பெனிக்கு அனுப்ப ஒரு பெட்டியை மட்டும் பூட்டி வைத்தேன். மற்ற டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ரத்தப் பஞ்சு கிடந்த மஞ்சள் கழிவுப் பைக்குள் கொட்டினேன். எனக்கு ஆறவில்லை.

மேலே போனேன். நடந்ததைப் பெரிதாக்காதே என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் வந்தார். வார்டுக்குள் நுழைந்ததும் தங்கச்சி பிள்ளையின் அழுகை காதைப் பிளந்தது. முகம் சிவக்க, காலை உதறி உதறிக் கத்தினான். தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள்.

உடனே சார் முகத்தைச் சுளித்தார். “என்ன சத்தம் இது, யாராவது உடனே நிறுத்துங்கம்மா.”

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து அடுத்த தொட்டிலுக்கு இழுத்துப் போனேன். அந்தப் பெண் குழந்தைக்கு ஒரு கையில் ஊசி, மூக்கில் குழாய். கண் மூடியிருந்தது. டாக்டர் அதன் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது சத்தம் போடல சார்.”

அவர் பார்த்தார். உடனே வாசல் பக்கம் திரும்பினார். நான் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன்.

“எங்க போறீங்க? இது அழட்டும், அப்புறம் போகலாம். காத்திருங்க.”